முட்டைக் கூடையும் சேமிப்பு அட்டையும்

உரோமை நகரில் தைபர் ஆற்றுக்கு அப்பால் திரஸ்தேவெரே என்னும் பழம்பகுதி உண்டு. அங்குள்ள அன்னை மரியாவின் பெருங்கோவிலைத் தரிசிக்க நம்முடன் வந்த திருப்பயணிகள் உள்ளே சென்றிருந்தனர். நாமோ முன்னரே இருமுறை அக்கோவிலைக் கண்டிருந்தமையாலும், கோடை வெயில் தாளாமையாலும், எதிரே இருந்த சந்தின் நிழலில் ஒதுங்கினோம். அச்சந்தில், இரு வீட்டுப் படிக்கட்டுகளுக்கு நடுவே, கன்றுக்குட்டியைக் கட்டிவைத்தாற்போல் வெளிர்நீலக் கார் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதன் கூரை நம் மார்பளவைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். கூரையும் முழுதும் தகரமன்று. நடுப்பகுதி மடித்துவிடக்கூடிய துணி. சிறிது நேரத்தில் மூதாட்டி ஒருவர் காய்கறிப் பையுடன் வந்து, அதைத் திறந்து, தையல் இயந்திரம் ஓடுவதுபோன்ற ஓசையுடன் அச்சந்தின் வளைவில் ஓட்டிச் சென்று மறைந்தார்.

கோவிலிலிருந்து வெளியே வந்த பயணி ஒருவர், "என்ன சாமி, மாதாவை விட்டுவிட்டுக் காரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்களே!" என்று கேலி செய்தார். குற்றச்சாட்டு உண்மைதான். ஐரோப்பாவுக்குச் சென்ற வேளைகளிலெல்லாம், பழைய சிறு கார் எங்கேனும் நின்றால் நம் கால்களும் தாமே நின்றுவிடும். தமிழில் காருக்கு மகிழுந்து என்று பெயரிட்டவர் யாரோ அறியோம். அவர் மனத்தில் இருந்தது பெரிய வண்டியாக இருந்திருக்க முடியாது என்று நமக்குத் தோன்றும். ஆனால் பார்த்துப் பழகப் பழக, இவ்வண்டிகள் வெறும் வேடிக்கைப் பொருள்கள் அல்ல என்பது விளங்கிற்று. ஒவ்வொன்றின் பின்னும் எளிய மக்களுக்கு யாரோ கொடுத்த வாக்கு ஒன்று இருக்கிறது. சில வாக்குகள் காப்பாற்றப்பட்டன; சில காப்பாற்றப்படவில்லை.

நாம் கண்ட நீலக் கார் ஃபியட் 500. இத்தாலிய மொழியில் எண்ணையே பெயராக்கிச் 'சிங்குவேசெந்தோ' என்பர். 1957ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் தூரின் நகரில் அது வெளியிடப்பட்டது. அதை வடிவமைத்த பொறியாளர் தாந்தே ஜக்கோசா. நீளம் 3 மீட்டருக்கும் சற்றுக் குறைவு; இயந்திரத்தின் கொள்ளளவு 479 கன சென்டிமீட்டர்; தொடக்கத்தில் அதன் ஆற்றல் 13 குதிரைத்திறன் மட்டுமே. போரில் சிதைந்த இத்தாலியில் 1946இல் வெஸ்பாவும் அடுத்த ஆண்டில் லாம்பிரெட்டாவும் சாலைக்கு வந்தன. தந்தை ஓட்ட, தாய் பின்னே அமர, நடுவில் ஒரு பிள்ளையும் முன்னே ஒரு பிள்ளையுமாக ஸ்கூட்டரில் செல்லும் குடும்பக் காட்சி நமக்கும் புதிதன்று. அந்தக் குடும்பத்தை மழையிலிருந்து காப்பதே ஜக்கோசாவின் முன் இருந்த வேலை. கூரையில் துணி வைத்ததும் அழகுக்காக அன்று. தகடு மிச்சமாகும், எடை குறையும், பின்புறத்து இயந்திரத்தின் இரைச்சலும் உள்ளே முழங்காது.

முதலில் அது விற்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். சிக்கனத்தின் பெயரால் வண்டியை அளவுக்கு மீறி வெறுமையாக்கிவிட்டனர். கதவுக் கண்ணாடியை இறக்க முடியாது. பின்னால் மனிதர் அமர முறையான இருக்கை இல்லை. ஏழைக்கு இது போதும் என்று மேலிருந்து முடிவு செய்தால் ஏழையும் அதை வாங்கமாட்டான். சில மாதங்களிலேயே நிறுவனம் குறைகளைத் திருத்தியது. அதன்பின் 1975 வரை 35 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் விற்றன.

அந்த வண்டிகளுக்காகவே போல் மிலானிலிருந்து நேப்பிள்சு வரை 'கதிரவன் நெடுஞ்சாலை' அமைக்கப்பட்டு, 1964 அக்டோபர் 4ஆம் நாள், அசிசியாரின் திருநாளன்று, முழுமையாகத் திறக்கப்பட்டது. ஃபிளாரன்சு நகருக்கு அருகே அச்சாலையோரத்தில் திருமுழுக்கு யோவான் பெயரால் ஓர் ஆலயம் உண்டு. கட்டடக் கலைஞர் ஜொவான்னி மிக்கெலூச்சி எழுப்பியது. வெளியிலிருந்து நோக்கினால் கல்சுவர்கள்மேல் கூடாரம் ஒன்றைப் போர்த்தியதுபோல் இருக்கும். சாலை அமைக்கும் பணியில் உயிரிழந்த தொழிலாளர்களின் நினைவாக எழுந்த ஆலயம் அது. கடற்கரைக்கு விடுமுறை செல்லும் குடும்பங்கள் அவ்விடத்தைக் கடந்தே ஆகவேண்டும். திருப்பயண நிறுவனங்கள் ஏனோ அதைத் தம் பட்டியலில் சேர்ப்பதில்லை.

இத்தாலியிலிருந்து பிரான்சு நாட்டுக்குச் சென்றபோது, பர்கண்டிப் பகுதியில் வெசலே என்னும் குன்றூருக்கு ஏறும் வழியில் மற்றொரு வண்டியைக் கண்டோம். புனித பெர்நார்து 1146இல் இரண்டாம் சிலுவைப் போருக்காக மறையுரை ஆற்றிய ஊர் அது. நிறம் மங்கிய சாம்பல்; முன்மூடி நம்மூர்க் கூரைத் தகரம்போல் வரிவரியாக மடிந்தது; வளைவில் திரும்பும்போது கப்பல்போல் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. அதுவே சித்ரோயன் நிறுவனத்தின் 'தெ-ஷெவோ', அதாவது 'இரு குதிரை'. வரி கணக்கிடும் அலகிலிருந்து வந்த பெயர்.

இதன் கதை உழவரிடமிருந்து தொடங்குகிறது. 1930களின் நடுவில் சித்ரோயன் நிறுவனத்தின் பொறுப்பிலிருந்த பியேர் பூலான்ஜே, குதிரை வண்டியிலும் கால்நடையாகவும் சந்தைக்குச் செல்லும் சிற்றூர் மக்களைக் கண்டு, தம் பொறியாளர்களிடம் ஒரு பணியை ஒப்படைத்தார். உழவர்களையும் 50 கிலோ உருளைக்கிழங்கையும் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்றிச் செல்லவேண்டும்; 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் பெட்ரோலுக்கு மேல் குடிக்கக்கூடாது; உழுத வயலின் குறுக்கே ஓட்டினாலும் உள்ளே வைத்த கூடையில் ஒரு முட்டையும் உடையக்கூடாது. நெட்டையரான பூலான்ஜே, தலையில் தொப்பியுடனேயே மாதிரி வண்டிகளில் ஏறி அமர்வாராம். தொப்பி கூரையில் இடித்தால் வடிவத்தைத் திருத்தவேண்டும். உழவன் ஞாயிறு திருப்பலிக்குத் தொப்பி அணிந்துதானே செல்வான்! தொழில் வரலாற்றில் முதலாளிகள் இட்ட ஆணைகள் எத்தனையோ உண்டு. முட்டைக் கூடையை அளவுகோலாக்கிய ஆணையை வேறெங்கும் நாம் கண்டதில்லை.

1939இல் 250 வண்டிகள் ஆயத்தமாயின. ஒரே ஒரு முகவிளக்கு. சட்டம் ஒன்றுதான் கேட்டது. அக்டோபரில் பாரிசுக் கண்காட்சியில் வெளியிட எண்ணியிருந்தனர். செப்டம்பரில் போர் மூண்டது. ஜெர்மானியப் படை பிரான்சைக் கைப்பற்றியபோது, இவ்வடிவம் அவர்கள் கையில் சிக்காதவாறு பெரும்பாலான வண்டிகள் அழிக்கப்பட்டன, சில மறைத்துவைக்கப்பட்டன. நிறுவனத்தின் சோதனைத் திடல் இருந்த லா ஃபெர்த்தே-விதாம் என்னும் இடத்தில், ஒரு களஞ்சியத்தின் பரணிலிருந்து 3 வண்டிகள் 1990களில்தான் கண்டெடுக்கப்பட்டன. அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தூசியில் உறங்கியவை!

1948 அக்டோபரில் அக்கார் ஒருவழியாக வெளிவந்தபோது செய்தியாளர்கள் சிரித்தனர். தகர டப்பாவைத் திறக்கும் கருவியும் சேர்த்துத் தருவார்களா என்று ஒருவர் கேட்டதாகச் சொல்வர். மக்கள் சிரிக்கவில்லை, வரிசையில் நின்றனர். காத்திருப்போர் பட்டியல் சில ஆண்டுகளுக்கு நீண்டது. காத்திருக்க வேண்டியதில்லை என்பதால், ஓட்டிப் பழகிய வண்டி புதிய வண்டியைவிட அதிக விலைக்குப் போயிற்று. அந்நிலையில் நிறுவனம் செய்த ஒன்று குறிக்கத்தக்கது. பணம் மிக்கவருக்கு முதலிடம் தராமல், தொழிலின் பொருட்டு அலையவேண்டிய சிற்றூர் மருத்துவர், கால்நடை மருத்துவர், பேறுகால மருத்துவப் பெண்கள், சிறு உழவர், பங்குத்தந்தையர் ஆகியோருக்கு முன்னுரிமை தந்தது. நள்ளிரவில் ஒரு பிள்ளை பிறக்க வேண்டுமானாலும், ஒருவர் இறக்கும் வேளையில் நோயில்பூசுதல் பெற வேண்டுமானாலும், அச்சாம்பல் நிற வண்டிதான் சேற்றுப் பாதையில் வந்து நின்றது. 1964இல் வெளிவந்த 'சான் துரோப்பே காவலர்' என்னும் நகைச்சுவைத் திரைப்படத்தில் அருட்சகோதரி ஒருவர் இதே வண்டியைக் கண்மண் தெரியாமல் ஓட்டுவதைப் பார்த்துச் சிரிக்காத பிரெஞ்சுக்காரர் அரியர். கடைசி வண்டி 1990 ஜூலையில் போர்த்துக்கல் நாட்டின் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது.

அதனுடன் போட்டியிட ரெனோ நிறுவனம் 1961இல் ரெனோ 4 என்னும் காரை வெளியிட்டது. 2013 செப்டம்பரில் வெரோனா நகரைச் சேர்ந்த இத்தாலியக் குரு ஒருவர், எளியோர் குடியிருப்பில் தமக்கு உழைத்த 1984ஆம் ஆண்டின் வெள்ளை ரெனோ 4 ஒன்றைத் திருத்தந்தை பிரான்சிசுக்கு அன்பளிப்பாக அளித்தார். அதற்குள் அது 3 இலட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. அதற்கு இரு மாதம் முன்புதான் திருத்தந்தை, குருமட மாணவரையும் துறவற இளையோரையும் நோக்கி, புத்தம்புதிய வகைக் காரில் ஒரு குருவையோ சகோதரியையோ காணும்போது தம் மனம் வருந்துகிறது என்று பேசியிருந்தார். நம் பங்கில் அப்போது ஓர் அன்பர் குழு, குருத்துவ வெள்ளிவிழாவுக்குப் பெரிய கார் ஒன்று வாங்கித்தரப் பேசிக்கொண்டிருந்தது. நாமும் வேண்டாமென்று உரக்கச் சொல்லாமல் இருந்தோம். திருத்தந்தையின் பேச்சு செய்தித்தாளில் வந்ததும் அப்பேச்சு அடங்கிவிட்டது. உண்மையைச் சொன்னால், ஒரு வாரம் நமக்குச் சற்று வருத்தமாகவே இருந்தது.

இங்கிலாந்தில் நாம் தங்கியது சில நாள்களே. 1956இல் சூயசுக் கால்வாய் நெருக்கடியால் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்ததன் விளைவாகப் பிறந்தது மினி. 1922இல் சிமிர்னா நகரிலிருந்து ஏதிலியாய் வெளியேறிய குடும்பத்தின் பிள்ளை அலெக் இசிகோனிஸ் அதை வடிவமைத்தார். 1959 ஆகஸ்டில் வெளிவந்தது. இயந்திரத்தைக் குறுக்காக வைத்து இடம் மிச்சம் பிடிக்கும் அவர் வழியை இன்றைய சிறு கார்களில் பெரும்பாலானவை பின்பற்றுகின்றன. நம்மவர்க்கு இங்கிலாந்தின் பழைய கார்களுள் அயலாகத் தோன்றாதவை இரண்டு: மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, டிரையம்ஃப் ஹெரால்டு. முன்னது அம்பாசடர் ஆயிற்று. பின்னது சென்னைக்கு அருகே வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நம் குருமட நாள்களில் அதிபர் தந்தையிடம் ஒரு ஹெரால்டு இருந்தது. தள்ளிவிடுவதற்கே நால்வர் நியமிக்கப்பட்டிருந்தோம்.

செக் நாட்டின் பிராகு நகருக்குச் சென்றது குழந்தை இயேசுவின் திருவுருவத்தைக் காண. நம் ஊர்களில் வியாழக்கிழமைதோறும் மக்கள் கூடும் அதே பக்தியின் பிறப்பிடம், கார்மேல் சபையினரின் வெற்றி அன்னை ஆலயம். அங்கிருந்து மேட்டுத் தெருவழியே சிறிது நடந்தால் ஜெர்மன் தூதரகம் அமைந்த லோப்கோவிட்சு மாளிகை. மாளிகையின் பின்புற வேலிக்கு வெளியே பூங்காவில் நின்று பார்த்தால் தோட்டத்துள் ஒரு விந்தை தெரியும்: சக்கரங்களுக்குப் பதிலாக மனிதக் கால்கள் நான்கு முளைத்த கார்! சிற்பி தாவித் செர்னி 1990இல் ஆக்கிய இச்சிற்பத்தின் பெயர் 'குவோ வாதிஸ்'. உரோமையின் ஆப்பியா சாலையில், தப்பியோடிய பேதுரு ஆண்டவரை நோக்கிக் கேட்டதாக மரபு கூறும் அதே கேள்வி.

அக்கார் டிராபான்ட். கிழக்கு ஜெர்மனியில் சுவிக்காவ் நகரில் 1957 இறுதியில் உற்பத்தி தொடங்கியது. சோவியத்து நாடு ஸ்புட்னிக்கை ஏவிய ஆண்டு அது. டிராபான்ட் என்றாலும் துணைக்கோள் என்றே பொருள். எஃகுத் தகடு கிடைக்காமையால் பஞ்சுக் கழிவைப் பிசினுடன் சேர்த்து அழுத்தி உடற்பகுதியைச் செய்தனர். பெட்ரோல் எவ்வளவு உள்ளது என்று அறிய, முன்மூடியைத் திறந்து தொட்டியுள் குச்சியை விட்டுப் பார்க்கவேண்டும். வண்டி போன வழியெங்கும் நீலப் புகை. பொறியாளர் திறமையற்றவர் அல்லர். புதிய வடிவங்களை அவர்கள் வரைந்தபோதெல்லாம் மேலிடம் மறுத்தது. தொழிலாளரின் அரசு என்று தன்னைச் சொல்லிக்கொண்ட அரசு, தொழிலாளரைத் தம் காருக்காகப் பத்து ஆண்டுகளுக்கும் மேல் காத்திருக்கச் செய்தது. இங்கும் பழைய வண்டி புதியதைவிட விலை மிகுந்தது. பிரான்சில் அந்நிலை சில ஆண்டுகளில் தீர்ந்தது. இங்கே அரசு வீழும்வரை தீரவில்லை.

1989 கோடையில் கிழக்கு ஜெர்மானியர் ஆயிரக்கணக்கில் பிராகு நகருக்கு வந்து, அத்தூதரகத்தின் வேலி ஏறிக் குதித்துத் தோட்டத்தில் தஞ்சம் புகுந்தனர். செப்டம்பர் 30ஆம் நாள் மாலை மேற்கு ஜெர்மனியின் வெளியுறவு அமைச்சர் கென்ஷர் மாடத்தில் நின்று, அவர்கள் மேற்கே செல்ல வழி பிறந்தது என்று அறிவித்தபோது, உள்ளே ஏறத்தாழ 4,000 பேர் இருந்தனர். தெருக்களில் எஞ்சி நின்றவை அவர்கள் விட்டுச்சென்ற டிராபான்ட் வண்டிகள். பத்து ஆண்டுகள் காத்திருந்து பெற்றதை ஒரு சந்தில் நிறுத்திவிட்டு, பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வேலி ஏறியிருக்கிறார்கள். 1991 ஏப்ரல் 30ஆம் நாள் டிராபான்ட் உற்பத்தி நின்றது.

நாம் சொல்ல வந்தது பெரும்பாலும் இனிமேல்தான்.

ஐரோப்பாவில் கோடை விடுமுறைக்குச் செல்லும் பங்குத்தந்தையரின் இடத்தில் நம் நாட்டுக் குருக்கள் சில வாரம் பணியாற்றும் வழக்கம் உண்டு. அவ்வாறு 2016, 2017 ஆகிய ஈராண்டுகளிலும் ஆகஸ்டு மாதத்தில் பவேரியா மாநிலத்தில், டிங்கொல்ஃபிங் நகருக்கு அருகே, ஒரு சிற்றூரில் இருந்தோம். நம் ஜெர்மன் மொழி திருப்பலிக்குப் போதும். அவர்கள் வட்டார வழக்குக்குப் போதாது. முதல் ஞாயிறு திருப்பலிக்குப்பின் ஆலய வாசலில், 80 வயதை நெருங்கிய ஒருவர் தம் காரின் கதவைத் திறந்துகொண்டிருந்தார். நாம் அதன் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "இந்தியாவிலிருந்து வந்த குருவுக்கு கோகோமொபில் தெரிகிறதே!" என்று அங்கிருந்தோர் அனைவரிடமும் சொன்னார்.

கோகோமொபில் அந்த மண்ணின் வண்டி. டிங்கொல்ஃபிங்கில் விதைப்புக் கருவிகள் செய்துகொண்டிருந்த ஹான்ஸ் கிளாஸ் நிறுவனம் 1955இல் அதன் உற்பத்தியைத் தொடங்கிற்று. 250 கன சென்டிமீட்டருக்கு உட்பட்ட வண்டியை, மோட்டார் சைக்கிளுக்கென முன்பு பெற்ற பழைய உரிமத்தைக் கொண்டே ஓட்ட அந்நாட்டுச் சட்டம் இடம் தந்தது. எனவே கிளாஸ் 245 கன சென்டிமீட்டரில் இயந்திரம் அமைத்தார். உழவனும் கொல்லனும் புதிய தேர்வு எழுதாமலே நான்கு சக்கரத்துக்கு உயர்ந்தனர். 1960களில் பெரிய கார்களைச் செய்ய முயன்று நிறுவனம் கடனில் மூழ்கியது, பி.எம்.டபிள்யூ. அதை வாங்கிற்று. அந்நகரில் இன்றும் நிற்கும் அந்நிறுவனத்தின் பெருந்தொழிற்சாலைக்கு வித்து அந்த விதைப்புக் கருவிப் பட்டறைதான்.

பெரியவர் தம் களஞ்சியத்தில் இன்னும் இரண்டைச் சேர்த்துவைத்திருந்தார். ஒன்று இசெட்டா. மிலானுக்கு அருகே குளிர்பதனப் பெட்டிகள் செய்த இசோ நிறுவனத்தின் 1953ஆம் ஆண்டுப் படைப்பு. 1955 முதல் பி.எம்.டபிள்யூ. உரிமம் பெற்றுச் செய்தது. முட்டை வடிவம், ஒரே கதவு, அதுவும் முன்பக்கத்தில். ஜெர்மானியர் அதற்கு இட்ட செல்லப்பெயரைப் பங்குத்தந்தை ஒருவர் அச்சில் எழுதுவது அழகன்று. மற்றொன்று ரீகன்ஸ்பர்க் நகரில் உருவான மெசர்ஷ்மிட் மூன்றுசக்கர வண்டி. ஒருவர் பின் ஒருவராக இருவர் அமரலாம். மேலே கண்ணாடிக் குமிழ். போரில் கால் இழந்தோருக்கென ஃபிரிட்ஸ் ஃபென்ட் என்னும் பொறியாளர் செய்த சிறு வண்டியிலிருந்து அது வளர்ந்தது. போர் விமானங்கள் செய்த நிறுவனம், தோல்விக்குப்பின் விமானம் செய்யத் தடை இருந்தமையால் இதனைச் செய்தது. வாளைக் கலப்பையாக்கிய எசாயாவின் காட்சியை நாம் நினைவூட்டினோம். பெரியவர் தலையசைக்கவில்லை. அதே மாநிலத்தின் ஃபுளோசன்பூர்க் வதைமுகாமில் கைதிகள் அந்நிறுவனத்தின் விமானங்களுக்கு உறுப்புகள் செய்ததை அறிவீரா என்று மட்டும் கேட்டார்.

பிறகு வீட்டினுள் சென்று, தம் தாயின் பழைய செபப் புத்தகத்தைக் கொணர்ந்தார். அதனுள் மடித்துவைத்த ஓர் அட்டை. கட்டம் கட்டமாக அஞ்சல் தலை போன்ற முத்திரைகள்; ஒவ்வொன்றும் 5 மார்க். பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. அவர் தந்தை வாரந்தோறும் ஒட்டியவை.

1938 மே 26ஆம் நாள், ஆண்டவரின் விண்ணேற்றப் பெருவிழாவன்று, இட்லர் வட ஜெர்மனியில் ஃபாலர்ஸ்லேபன் அருகே ஒரு தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார். ஃபெர்டினான்ட் போர்ஷே வடிவமைத்த மக்கள் கார், 990 மார்க் விலையில், ஒவ்வொரு தொழிலாளிக்கும் கிடைக்கும் என்பது அறிவிப்பு. தொழிற்சங்கங்களைக் கலைத்து, அவற்றின் சொத்தைப் பறித்து உருவான ஜெர்மன் உழைப்பு முன்னணிதான் தொழிற்சாலைக்கு உரிமையாளர். அதன் கிளை அமைப்பின் பெயர் 'மகிழ்ச்சியால் வலிமை'. காருக்கும் அதே பெயரைச் சூட்டினர். நம் மகிழுந்து என்னும் சொல் அன்றுமுதல் நம் காதில் சற்று வேறாக ஒலிக்கிறது. வாரம் 5 மார்க் வீதம் ஒட்டினால் ஏறக்குறைய நான்கு ஆண்டுகளில் கார். வட்டி கிடையாது. 3,36,000க்கும் மேற்பட்டோர் சேமித்தனர். ஒருவருக்கும் கார் வந்து சேரவில்லை. போர் மூண்டதும் தொழிற்சாலை படைக்கு வண்டி செய்தது.

பெரியவரின் தந்தை கிழக்குப் போர்முனைக்குச் சென்று திரும்பவில்லை. போருக்குப்பின் பிரித்தானியரின் மேற்பார்வையில் அத்தொழிற்சாலை உயிர்பெற்று, வண்டின் வடிவிலான ஃபோக்ஸ்வாகன் காரை உலகெங்கும் விற்றது. 1955இல் பத்து இலட்சமாவது வண்டி வெளிவந்தது. சேமித்தவர்கள் தொடுத்த வழக்கு 1961இல்தான் சமரசத்தில் முடிந்தது: முழுத்தொகை கட்டியவருக்குப் புதுக் காரின் விலையில் 600 மார்க் வரை தள்ளுபடி, அல்லது ரொக்கமாக 100 மார்க். "அம்மா எதையும் கேட்கவில்லை. அட்டையைத் தூக்கி எறியவும் இல்லை" என்றார் பெரியவர். அவர் 1959இல் தம் உழைப்பில் பழைய கோகோமொபில் ஒன்றை வாங்கினார். தாயை ஏற்றிக்கொண்டு முதலில் சென்றது ஆல்ட்யோட்டிங் அன்னையின் திருத்தலத்துக்கு.

ஏமாற்றப்பட்டோரின் கதை இது என்றே நாம் கேட்டுக்கொண்டிருந்தோம். ஆனால் அவர் மனத்தில் இருந்தது வேறு. "அந்தத் தொழிற்சாலையில் அடிமைகளாய் வேலை செய்தார்கள். அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் செத்தார்கள். என் அப்பாவின் 5 மார்க்கும் அங்கேதான் போயிற்று. சாமி, அதில் எங்களுக்குப் பங்கு உண்டா, இல்லையா?" நாம் உடனே, அறியாமல் செய்தது பாவமாகாது என்று, குருமடத்தில் கற்ற அறநெறி இறையியலை எடுத்துரைத்தோம். முழு அறிவும் முழு மனமும் வேண்டும் என்னும் பாடம் வரிசை மாறாமல் நாவில் வந்தது. அவர் மரியாதையுடன் கேட்டுவிட்டு, "அப்பா அறியார். ஆனால் நான் அறிவேன், அட்டையும் என்னிடம் இருக்கிறதே" என்றார். நம்மிடம் பதிலில்லை.

மறு ஆண்டு கோடையில், பணி தொடங்குமுன் வொல்ஃப்ஸ்பூர்க் சென்றோம். அத்தொழிற்சாலையைச் சுற்றி எழுந்த நகருக்கு 1945இல் இடப்பட்ட பெயர் அது. தொழிற்சாலையினுள், பழைய வான்தாக்குதல் புகலிடம் ஒன்றில், கட்டாய உழைப்பாளரின் நினைவிடம் 1999இல் அமைக்கப்பட்டுள்ளது. முன் அனுமதியுடன் பார்க்கலாம். தாழ்ந்த கற்காரைக் கூரை, குளிர். நிறுவனமே கேட்டுக்கொண்டதன்பேரில் வரலாற்றாசிரியர் ஹான்ஸ் மோம்சென், மன்ஃப்ரெட் கிரீகருடன் ஆராய்ந்து 1996இல் வெளியிட்ட பெருநூல், ஏறத்தாழ 20,000 பேர் அங்கே கட்டாயமாக உழைத்ததை வெளிக்கொணர்ந்தது: போலந்து, சோவியத்து நாட்டு மக்கள், போர்க்கைதிகள், வதைமுகாம் கைதிகள். தன் கறையைத் தானே ஆராயச் செய்தமைக்காக அந்நிறுவனத்தைப் பாராட்டுவோர் உளர். நாமும் பாராட்டலாம்; ஆனால் அதற்குள் போர் முடிந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது.

அங்கிருந்து சிறிது தொலைவில் ரூயென் என்னும் சிற்றூர். போலந்து, சோவியத்து உழைப்பாளப் பெண்கள் ஈன்ற குழந்தைகளைத் தாயரிடமிருந்து பிரித்து, 1944இல் தொழிற்சாலை நிர்வாகம் அங்கே ஒரு விடுதியில் வைத்தது. பராமரிப்பின்மையால், பசியால், தொற்றுநோயால், 350க்கும் மேற்பட்ட கைக்குழந்தைகள் அங்கே இறந்தன. பொறுப்பிலிருந்த தொழிற்சாலை மருத்துவர் பிரித்தானிய இராணுவ நீதிமன்றத்தில் மரண தண்டனை பெற்று 1947இல் தூக்கிலிடப்பட்டார். ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அக்குழந்தைகளுக்கு நினைவிடம் உண்டு. நாம் சென்ற அன்று வேறு எவரும் இல்லை. புல் சீராக வெட்டப்பட்டிருந்தது. நம் பழக்கத்தின்படி இறந்தோருக்கான செபத்தைத் தொடங்கினோம். குழந்தைகளுக்கு அதில் எப்பகுதியைச் சொல்வது என்று தெரியாமல் பாதியில் நிறுத்தி, அருள்நிறை மரியே செபத்தைச் சொன்னோம்.

சிற்றூருக்கு வந்து பெரியவரிடம் இதைச் சொன்னோம். கண்டதை மட்டும் சொன்னோம். இம்முறை விளக்கம் எதுவும் தரவில்லை. அவர் நெடுநேரம் கோகோமொபிலின் முன்மூடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை சக்ரீஸ்தில் ஓர் உறையைத் தந்தார். உள்ளே 5 யூரோத் தாள். உறையின்மேல் திருப்பலிக் கருத்தாக, நடுங்கிய எழுத்தில், 'ரூயென் குழந்தைகளுக்காக' என்று எழுதியிருந்தார். சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்கு அதைப் பதிவு செய்தோம். பங்கின் அறிவிப்புத் தாளில் அக்கருத்து அச்சாகி வந்தபோது, ரூயென் எங்கே இருக்கிறது என்று இருவர் நம்மிடம் கேட்டனர்.